பாப்பாவுக்கு ஒட்டுத்துணி விரிப்பு: நடுவில் பஞ்சு வைக்கலாமா?

வணக்கம். கிள்ளானிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, என் தங்கச்சிக்கு இது தலைப்பிரசவம். வீட்டில் ரவிக்கை வெட்டுத்துணி, பாஜு கூரோங் (மலாய்ப் பெண்கள் உடை) தைத்த மிச்சம், அப்பாவின் பழைய கைலி எல்லாம் கிடக்கிறது. கையாலேயே ஒரு குவில்ட், அதாவது துண்டுகளை ஒட்டி அடுக்காகத் தைக்கும் விரிப்பு, தைக்கப் போகிறேன். நடுவில் எவ்வளவு தடிமனாகப் பஞ்சு வைக்கலாம்?"

கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு அந்தக் கைலி ஞாபகமாகவே இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் பஞ்சு.

பஞ்சே வேண்டாம் அம்மா. தடிமனான பாலியஸ்டர் பஞ்சு குளிர்நாட்டுக்குச் சரி. கோலாலம்பூரில் பகலில் 32, 33 டிகிரி அடிக்கிறது. அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில், மழைக்காலத்தில், அது உள்ளே காய்வதற்குள் வாடை வந்துவிடும். ஒரு பழைய நூல் சேலையை இரண்டாக மடித்து நடுவில் வையுங்கள், போதும். தோட்டத்தில் எங்கள் பாட்டி அப்படித்தான் செய்வார். நைந்துபோன சேலைகளை அடுக்கி, சுற்றிலும் நூலோட்டி, பிள்ளைக்குக் கீழே போடுவார். எத்தனை முறை துவைத்தாலும் வெயிலில் சட்டென்று காய்ந்துவிடும்.

இன்னொன்று, இதைப் பிள்ளைக்கு மேலே போர்த்துவதற்கு என்று நினைக்காதீர்கள். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, குவில்ட் எதுவும் இருக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். முகத்தை மூடினால் பிள்ளையால் விலக்கிக்கொள்ள முடியாது. நம் வீட்டுத் தரை எல்லாம் டைல்ஸ். பிள்ளை விழித்திருக்கும்போது, குப்புற விழுந்து தலை தூக்கப் பழகும்போது, கீழே விரிப்பதற்குத்தான் இது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

துணிக்கு வருவோம். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும்: வெட்டும் முன்னே துவையுங்கள்! ஒவ்வொரு பருத்தியும் ஒவ்வொரு அளவு சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஒரு கட்டம் இழுக்கும், பக்கத்துக் கட்டம் உப்பும். பாத்திக் துணியாக இருந்தால் வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் திரும்பவும் தனியாக அலசுங்கள். அப்போதும் ஒட்டினால் அந்தத் துணியை எடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளை அதை வாயில் வைத்துச் சப்பும்.

பாஜு கூரோங் மிச்சம் பெரும்பாலும் பாலியஸ்டராக இருக்கும். சந்தேகமாக இருந்தால் நாலு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பருத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு ரவிக்கைத் துண்டும் வேண்டாம். ஜரிகை பிள்ளையின் தோலைக் கீறும், பட்டு அடிக்கடி துவைக்கத் தாங்காது.

அளவு சுலபம். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் 5 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் வெட்டினால் வரைய வரைய ஓரம் தேய்ந்துவிடும். துணியின் இழை ஓடும் திசைக்கு நேராக வைத்து வரையுங்கள். குறுக்கு வாட்டத்தில் வெட்டினால் துணி இழுபடும். வரிசைக்கு 8, மொத்தம் 8 வரிசை, ஆக 64 சதுரம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும். முடிக்கும்போது 36 அங்குலம். கையால் தைப்பதால் ஓட்டுத்தையலில் சில தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னே கொண்டுவந்து ஒரு தையல் போட்டு இறுக்குங்கள். மடிப்பை ஒரு வரிசையில் இடப்பக்கமும் அடுத்த வரிசையில் வலப்பக்கமும் தேய்த்தால் மூலைகள் முடிச்சாகத் தடிக்காது.

இப்போது கைலி. என்னிடம் எல்லோரும் மேல்பக்கத்து டிசைனைத்தான் கேட்கிறார்கள். பின்பக்கத்துக்கு என்ன துணி என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கிறேன். பிள்ளைக்கு விரிக்கும் துணிக்கு அப்பாவின் பழைய பருத்திக் கைலியைவிட நல்ல பின்பக்கம் எனக்குத் தெரியாது. மலாய்க்காரர்கள் கைன் பெலெக்காட் என்பார்களே, அதேதான். அந்தக் காலத்தில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த கட்டத்துணி. மூட்டிய தையலைப் பிரித்தால் ஏறக்குறைய நாலடி அகலத்துக்கு ஒரே துண்டாக வரும், ஒட்டுப் போட வேண்டியதில்லை. பல வருஷம் உடுத்தித் துவைத்ததால் இனிமேல் சுருங்க அதில் எதுவும் இல்லை. துவைத்த துணி, துவைத்த துணி என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்குத்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் கட்டங்கள். மேலே சதுரங்கள், நடுவில் சேலை, கீழே கைலி என்று மூன்று அடுக்கையும் நேராக அடுக்கி, பெரிய பெரிய தையலாகப் போட்டு நகராமல் நிறுத்துங்கள். பிறகு கைலிப் பக்கத்தைத் திருப்பி, அந்தக் கோட்டின் மேலேயே நூலோட்டுங்கள். பென்சிலும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம். நெய்தவர் ஏற்கெனவே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். மேல்பக்கத்திலும் தையல் நேராக வந்து நிற்கும். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போங்கள், சுருக்கம் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழி வந்த சித்தி இனப் பெண்கள் இதற்கு நேர்மாறாகத் தைக்கிறார்கள். கவாண்டி என்று பெயர். பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்தில் தொடங்கி, கிடைத்த துண்டை கிடைத்த அளவிலேயே வைத்துத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். சதுரமாக வெட்டப் பொறுமை இல்லாதவர்கள் அந்த வழியில் போகலாம். அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.

ஓரத்துக்குத் தனி நாடா தேட வேண்டாம். கைலியை நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக விட்டு, முன்பக்கம் மடித்துத் தைத்துவிடுங்கள். பொத்தான், மணி, குஞ்சம் எதுவும் வேண்டாம், பிய்ந்தால் வாய்க்குள் போகும். குண்டூசிகளை எண்ணிக் குத்துங்கள், முடித்ததும் எண்ணி எடுங்கள். எண்ணிக்கை சரியாக வந்த பிறகு ஒருமுறை அலசிக் காய வைத்து, அப்புறம் தங்கச்சியிடம் கொடுங்கள்.