குழந்தை பதில் சொல்லும்வரை

நேயர்களுக்கு வணக்கம். குழந்தை சீக்கிரம் பேச வேண்டுமானால் அதனிடம் நிறையப் பேசுங்கள் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரியான அறிவுரைதான். ஆனால் பேசுவதைவிட, பேசிவிட்டுக் குழந்தையின் பதிலுக்குக் காத்திருப்பதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது.

ஒன்றரை வயதுக் குழந்தை சன்னலுக்கு வெளியே கை நீட்டி, "கா" என்கிறது. உடனே நாம், "காக்கா என்ன நிறம்? காக்கா எப்படிக் கத்தும்? எங்கே, சொல்லு பார்க்கலாம்" என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். அப்படிச் செய்யாமல், அது காட்டிய பக்கமே நாமும் பார்த்து, "ஆமாம், காக்கா பறக்கிறது" என்று ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுத்திருந்தால், குழந்தை மறுபடியும் கை நீட்டலாம், ஏதேனும் ஓர் ஒலி எழுப்பலாம், அல்லது நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கலாம். இவற்றில் எது வந்தாலும் அது பதில்தான். அடுத்து நாம் பேசலாம்.

பந்தைப் "பத்து" என்று கேட்டால் திருத்தத் தேவையில்லை. "பந்து வேண்டுமா? இந்தா, சிவப்புப் பந்து" என்று கொடுத்துவிட்டால், சரியான உச்சரிப்போடு புதிய சொல் ஒன்றும் அதன் காதில் விழுந்துவிடுகிறது. ஒழுங்காகச் சொன்னால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் அழுகைதான் மிஞ்சும்.

வீட்டில் இரண்டு மொழிகள் புழங்கினால் குழந்தை குழம்பிவிடும் என்ற அச்சமும் வேண்டாம். குழந்தைக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று பார்க்கும்போது, ஒரு மொழியை மட்டும் வைத்துக் குறைவு என்று முடிவுசெய்யாமல், இரண்டிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்தே எண்ணிப் பாருங்கள்.

யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி, பெற்றோரின் பேச்சையே குறைத்துவிடுகிறது. (வானொலிக்கும் இது பொருந்தும் என்பதை இங்கே அமர்ந்துகொண்டு மறைப்பது நியாயமாகாது.) ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது.

ஒன்றரை வயதாகியும் எதையும் சுட்டிக்காட்டவில்லை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, அல்லது பேசிவந்த சொற்களை இழந்துவிட்டது என்றால், தானாக வந்துவிடும் என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். செவித்திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். சளி பிடித்தபின் செவிப்பறைக்கு உட்புறம் நீர் தேங்கினால்கூடக் கேட்பது மங்கிவிடும். பிறந்த குழந்தைக்கே இந்தச் சோதனையைச் செய்ய முடியும் என்பதால், வயது போதவில்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.