களச்சாளை வீடாகுது: காத்தை அடைக்காம குடியேறின விதம்

[காட்சி: விடியற்காலை. பனைமரங்களுக்கு நடுவுல நீளமான ஓட்டுக் கூரை. கேமரா மெதுவா கிட்டப் போகுது.]

வணக்கம்ங்க. இது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலூகா. கொழிஞ்சாம்பாறையில இருந்து வேலந்தாவளம் போற வழியில, ரோட்டை விட்டு உள்ள தள்ளி இருக்கு இந்தக் கட்டடம். நாங்க களச்சாளைன்னு சொல்லுவோம். மலையாளத்துக்காரங்க களப்புரைம்பாங்க. முன்னாடி தெரியுதே, அது நெல்லும் கடலையும் காயப்போட்ட களம். சாளைக்குள்ள ஒரு பாதியில மூட்டையும், நெல்லு கொட்டி வைக்குற பத்தாயமும் இருந்துச்சு. மறுபாதி மாட்டுக் கட்டுத்தரை. எங்க அப்பாரு கட்டினது. மாடு போச்சு, நெல்லுப் போடுறதும் நின்னு போச்சு. பத்துப் பன்னெண்டு வருசம் வைக்கோலும் ஒடஞ்ச பைப்பும்தான் உள்ள கிடந்துச்சு. இப்ப நாங்க நாலு பேரு குடியிருக்கோம்.

நீளம் 42 அடி, அகலம் 18 அடி. சுவரு 15 அங்குல கனம். சுட்ட செங்கல்லு, மண் சாந்து, மேல சுண்ணாம்புப் பூச்சு. சிமெண்ட்டு ஒரு கை கூட இல்ல.

"இடிச்சுப் போட்டு புதுசா கட்டிக்கலாமே"ன்னு கேக்காத சொந்தக்காரங்களே இல்ல. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்துச்சு. இத்தனை மழைக்கும் இதுக்குள்ள நெல்லு எப்படி கெடாம இருந்துச்சு? நெல்லு மாசக்கணக்குல கெடாம இருக்கணும்னா அதுல ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள்ள இருக்கணும். கூடினா பூஞ்சை பிடிக்கும், வண்டு விழும். மெஷின் இல்லாத காலத்துல இந்தக் கட்டடம் அந்த வேலையைச் செஞ்சிருக்கு. எப்படின்னு தெரிஞ்சுக்காம இதுல கை வைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன்.

[காட்சி: உள்ளேயிருந்து கூரை. ஓட்டு இடுக்குல வெளிச்சக் கோடுகள். ஒரு கை ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடிக்குது. புகை நேரா மேல போயி மோட்டுப் பக்கம் மறையுது.]

இந்தப் புகையைப் பாருங்க. கதவு சாத்தியிருக்கு, ஜன்னலே இல்ல. அப்படியும் புகை எங்கயோ போயிருது. இறவாரத்துக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. ஓட்டுக்கு ஓடு சின்னச் சின்ன சந்து. வெயிலுக்கு ஓடு சூடாகும்போது உள்காத்து மேல ஏறி அது வழியா வெளிய போகுது, கீழ இருந்து புதுக்காத்து உள்ள வருது. போதாததுக்கு நாம இருக்குறது பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில 30 கிலோமீட்டருக்கும் மேல அகலமா ஒரு வாசல் திறந்து கிடக்கு. ஆடியில மேக்க இருந்தும், மார்கழி தையில கிழக்க இருந்தும் காத்து பிச்சு உதறும். சுவரு எவ்வளவு ஈரம் குடிச்சாலும் அந்தக் காத்து ஆத்திரும்.

வீடுன்னு ஆனதும் நாம மொதல்ல செய்யுற காரியமே அந்தக் காத்தை அடைக்குறதுதான். ஃபால்ஸ் சீலிங் போடுவோம், இறவாரச் சந்தைப் பூசி மூடுவோம், சுவத்துக்கு சிமெண்ட்டு பூசி பெயிண்ட் அடிப்போம். அது மட்டுமில்ல. நெல்லு மூட்டை நம்மளை மாதிரி மூச்சு விடாது, குளிக்காது, குழம்பு வைக்காது. நாலு பேரு இருக்குற வீட்டுல மூச்சு, குளியல், சமையல், துணி உலர்த்துறதுன்னு தினமும் லிட்டர் கணக்குல நீராவி காத்துல கலக்குது. வழியை அடைச்சுட்டு ஈரத்தையும் கூட்டினா பழைய சுவரு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல, பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

[காட்சி: வடக்குச் சுவரோட பழைய போட்டோ. முழங்கால் உசரத்துல பூச்சு பொரிஞ்சு, வெள்ளைப் பொடி.]

மொத தடவை வந்த மேஸ்திரி இந்தச் சுவத்துல பாதியைக் கொத்தி சிமெண்ட்டுப் பூச்சு போட்டாரு. பளபளன்னு இருந்துச்சு. ஆறே மாசத்துல உப்பி, தட்டினா "டொப்பு டொப்பு"ன்னு சத்தம் வந்துச்சு. ஒரு நாள் ராத்திரி பலகை மாதிரி கழண்டு விழுந்துச்சு. பின்னாடி செங்கல்லு மேல வெள்ளையா பஞ்சு மாதிரி ஒரு உப்பு.

இது வெறும் ஓதம் இல்லைங்க. இது மாடு கட்டின பக்கம். முப்பது நாப்பது வருசமா மாட்டு மூத்திரம் அந்தத் தரையில ஊறியிருக்கு. மண்ணுல இருக்குற நுண்ணுயிருங்க அதுல இருக்குற யூரியாவை நைட்ரேட் உப்பா மாத்திரும். வெடியுப்புன்னு சொல்றோமே, அந்த வகை. துப்பாக்கி மருந்துக்கு அந்தக் காலத்துல மாட்டுக் கொட்டாய் மண்ணுல இருந்துதான் வெடியுப்பு எடுத்திருக்காங்க. அந்த உப்பு தரை ஈரத்தோட சேந்து செங்கல் வழியா மேல ஏறும். சுவத்து மேல்பக்கம் ஈரம் ஆறும்போது உப்பு மட்டும் தங்கி, கல்லு கல்லா உறைஞ்சு, பூச்சை உள்ள இருந்து தள்ளும். மழைக்காலத்துல அந்த உப்பு காத்துல இருந்தே ஈரத்தை இழுக்கும். எங்கயும் ஒழுகாமயே சுவரு நனைஞ்சு தெரியும். சிமெண்ட்டு பூசினா ஆவி போற வழி அடைஞ்சு, ஈரம் இன்னும் உசரத்துக்கு ஏறும். எங்க சுவத்துல முழங்காலுக்கு இருந்த கறை இடுப்புக்கு வந்துச்சு.

சரி பண்ணின விதத்தைச் சொல்றேன், கொட்டாயை வீடாக்குறவங்க இதைக் கவனிச்சுக் கேளுங்க.

தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது. கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும். கறை இருக்குற உசரத்துக்கு மேல ரெண்டடி வரைக்கும் பூச்சை எடுத்துட்டு, உலர்ந்த பிரஷ்ஷால தேச்சு, விழுற பொடியை கோணிச்சாக்குல வாரி வெளிய கொண்டு போயிரணும். அப்புறம் களிமண்ணு, மணல், ஊற வெச்ச பழைய பேப்பர்க் கூழு மூணையும் பிசைஞ்சு ஈரமா சுவத்துல அப்பி விடணும். அது காயக் காய சுவத்துல இருக்குற உப்பைத் தனக்குள்ள இழுத்துக்கும். காஞ்சதும் உரிச்சு எறிஞ்சிரலாம். நாங்க மூணு தடவை அப்பினோம். மூணாவது தடவை உரிச்சப்ப வெள்ளை ரொம்பக் கம்மி.

தரையையும் ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்தோம். அதுக்கு முன்னாடி ஒரு ஓரமா குழி எடுத்து கடக்கால், அதாவது அஸ்திவாரம், எவ்வளவு ஆழம்னு பாத்துக்கிட்டோம். ரெண்டரை அடி இருந்ததாலதான் ஒரு அடி தோண்டினோம். பாக்காம தோண்டினா சுவரு கால் இல்லாம நிக்கும். எடுத்த மண்ணை வீணாக்கல, தென்னைக்குப் போட்டோம். பள்ளத்துல பெரிய ஜல்லி பரப்பி, அது மேல சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த சுருக்கிக் கான்கிரீட், அதுக்கு மேல சிவப்பு ஆக்சைடு தரை. பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு கான்கிரீட் போடுங்கன்னு நிறைய பேரு சொன்னாங்க. புது வீட்டுக்கு அது சரி. இங்க போட்டா தரைக்கு அடியில இருக்குற ஈரம் பூராவும் சுவத்துப் பக்கமா திரும்பிரும்.

[காட்சி: தொட்டியில ஊறுற சுண்ணாம்பு. கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் ஊத்துறாங்க.]

சுவத்துக்கு மறுபடி சுண்ணாம்புதான். நீத்த சுண்ணாம்பை வாரக்கணக்குல ஊற வெச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி விட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூணு பங்கு மணல். இது காத்துல இருக்குற கரியமில வாயுவை எடுத்து மெதுவா திரும்பக் கல்லாகுது. அதனால அவசரப்படுத்தக் கூடாது. ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நாள் விடணும், சித்திரை வெயில்ல பூசவே கூடாது.

கூரைக்கு வருவோம். மங்களூர் ஓடு. சுவிட்சர்லாந்துல இருந்து வந்த கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷன்காரங்க 1865-ல மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க. அப்புறம் கோழிக்கோடு பக்கம் ஃபெரோக் வரைக்கும் இந்தத் தொழில் பரவுச்சு. ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் பல் அமைப்பு கொஞ்சம் கொஞ்சம் மாறும், ஒண்ணோட ஒண்ணு சேராது. எங்க கூரைக்கு ஏறத்தாழ 1,400 ஓடு, மூணரை டன் பாரம். எல்லாத்தையும் இறக்கி, ஒண்ணொண்ணா தட்டிப் பாத்தோம். நல்ல ஓடு "டிங்"குன்னு மணி மாதிரி கேக்கும். விரிசல் இருந்தா சத்தம் செத்துப் போயிருக்கும். பழைய வீடு இடிச்ச இடத்துல அதே கம்பெனி ஓடு தேடி வாங்கி நிரப்பினோம்.

மரம் பாக்க வந்த ஆசாரிக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். "மர விசயத்துல கண்ணை நம்பாத கண்ணு, தட்டிப் பாரு, குத்திப் பாரு"ன்னு சொல்லிக்கிட்டே ஸ்க்ரூ டிரைவரை ஒரு பனங்கையில, அதாவது ஓட்டைத் தாங்குற பனைமரச் சட்டத்துல, வெச்சாரு. பாக்க இரும்பு மாதிரி இருந்தது, சுவத்துக்குள்ள போற முனையில மட்டும் வெண்ணெய்யா இறங்குச்சு. கறையான். "முழுசா மாத்தணுங்களா?"ன்னு கேட்டேன். "நல்ல மரத்தை எதுக்கு எறியுற, முனையை அறுத்துட்டு ஒட்டுப் போட்டுரலாம்"ன்னாரு. அப்படி பதினோரு கைமரத்தைக் காப்பாத்தினோம். புது முனை சுவத்தைத் தொடாம கருங்கல்லு மேல உக்காந்திருக்கு.

ஓட்டுக்கு அடியில சீலிங் ஓடு ஒரு வரிசை. ரெண்டுக்கும் நடுவுல நாலு அங்குல இடைவெளி. கீழ இறவாரத்துல காத்து நுழையும், மேல மோட்டுல வெளிய போகும். ரெண்டு வாயிலயும் கம்பி வலை, பாம்பும் எலியும் வரக் கூடாதில்ல. பங்குனி சித்திரையில 40 டிகிரி தாண்டுற ஊருல வெளி ஓட்டுச் சூடு அந்த இடைவெளியிலேயே வெளியேறிருது. ஓரத்து ரெண்டு வரிசையையும் மோட்டு ஓட்டையும் கம்பி போட்டுக் கட்டியிருக்கோம், ஆடிக் காத்துக்காக.

[காட்சி: வெளியே ஒட்டினாப்ல புதுக் கட்டு. நடுவுல மூணடி நடை.]

குளியலறை, கக்கூஸ், பாத்திரம் கழுவுற இடம் எதுவும் சாளைக்குள்ள இல்ல. தனிக் கடக்கால் போட்டு வெளிய கட்டிட்டோம், மூணடி நடை மட்டும் இணைக்குது. மழையில நடையைத் தாண்டணும்னு பொண்ணு மொதல்ல சிணுங்கினா. ஆனா தண்ணி புழங்குற எதையும் அந்தச் சுவரு பக்கம் விடக் கூடாதுங்குறதுல நான் விட்டுக் கொடுக்கல. கிணத்துக்கும் கக்கூஸ் குழிக்கும் நடுவுல குறைஞ்சது ஏழரை மீட்டர் வேணும்னு கேரளக் கட்டட விதி சொல்லுது. கிணறு எங்க இருக்கோ அதை வெச்சுத்தான் புதுக்கட்டுக்கே இடம் பாத்தோம்.

பிள்ளைங்களுக்கு மேல ஒரு மச்சு. அந்தப் பாரத்தைப் பழைய சுவத்துல ஏத்தல, தனி இரும்புத் தூண்ல நிக்குது. ஒயரிங் சுவத்தை வெட்டாம பைப்புல வெளியவே ஓடுது.

காகித வேலையையும் சொல்லிடறேன். கட்டடம் இருந்தா மட்டும் போதாது, குடியிருக்குற வீடா உபயோகம் மாறுறதுக்குப் பஞ்சாயத்துல அனுமதி வாங்கணும். அதுக்கு முன்னாடி வில்லேஜ் ஆபீஸ்ல அடிப்படை வரிப் பதிவேட்டைப் பாருங்க. நிறைய களம் இன்னமும் "நிலம்"னு, அதாவது வயல்னு பதிவாகியிருக்கும். 2008 நெல்வயல் சட்டம் இருக்குறதால "நிலம்"னு இருக்குற இடத்துல வீட்டுக்கு அனுமதி லேசுல கிடைக்காது. நிலப் பயன்பாட்டு உத்தரவு வந்த 1967 ஜூலை 4-க்கு முன்னாடியே அது வயலா இல்லைன்னு காட்ட முடிஞ்சா வழி சுலபம். பழைய வரி ரசீது, கட்டடத்தைக் காட்டுற பத்திரம் எதையும் தூக்கிப் போட்றாதீங்க. மனுவைத் தமிழ்லயே எழுதிக் கொடுக்கலாம். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்துல தமிழ் பேசுறவங்களுக்கு அந்த உரிமை இருக்கு. கரண்ட்டு விவசாயக் கனெக்ஷனா இருந்தா, குடி போறதுக்கு முன்னாடியே வீட்டுக் கனெக்ஷனா மாத்திக்கணும்.

[காட்சி: மழை. உள்ளேயிருந்து வடக்குச் சுவரு. ஒரு விரல் மெதுவா தடவுது.]

இந்த ஆடி மழையில எடுத்தது இது. சுவரு உலர்ந்துதான் இருக்கு. கீழ் ஓரத்துல மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பொடியுது, பாருங்க. மிச்சம் இருக்குற உப்பு அந்த வழியா வெளிய வருது. வரட்டும்னுதான் அந்த இடத்துல மணல் கூடுதலா, இளசா பூசி விட்டோம். செங்கல்லுக்குப் பதிலா அந்தப் பூச்சு கெட்டுப் போறதுக்காகவே பூசினது. தை மாசம் காத்து திரும்பினதும் அதைச் சுரண்டி எடுத்துட்டு மறுபடி பூசணும். அதுக்கான சுண்ணாம்பு இப்பவே தொட்டியில ஊறிட்டு இருக்கு.