ஹால்ஸ் பாதியில் விட்ட படம்

வணக்கம் நேயர்களே. நெதர்லாந்தின் நகரக் காவல் படை ஓவியங்கள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, ரெம்பிராண்ட் 1642இல் முடித்த 'இரவுக் காவல்'. நான் இன்று பேசப்போவது அதற்குச் சில ஆண்டுகள் முந்தைய ஒரு படத்தைப் பற்றி.

அன்றைய டச்சு நகரங்களில் வசதியுள்ள குடிமக்களே ஆயுதம் ஏந்திக் காவல் புரிந்தார்கள். படையின் முக்கியஸ்தர்கள் ஒன்றாகத் தங்களை வரையச் சொல்லி, படை கூடும் மண்டபத்தில் மாட்டிவைப்பார்கள். செலவு ஆளுக்கொரு பங்கு. காசு கொடுத்தவர் தன் முகம் மறைவதற்குச் சம்மதிப்பாரா? அதனால் பழைய படங்களில் எல்லாரும் வரிசையாக நின்று நம்மையே பார்க்கிறார்கள். ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1616இல் தன் ஊரான ஹார்லெமில் வரைந்த படையினரின் விருந்துப் படத்தில் இந்த விறைப்பு இல்லை. அவரும் அந்தப் படையில் ஓர் உறுப்பினர். பழகிய மனிதர்களைத்தான் வரைந்தார்.

அந்தப் பெயரைக் கேட்டுத்தானோ என்னவோ, 1633இல் ஆம்ஸ்டர்டாம் படையொன்று அவரை அழைத்தது. பதினாறு பேர். தலைக்கு 60 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) என்று பேசி, பிறகு 66 ஆக உயர்த்தினார்கள். ஆனால் வேலை நகரவில்லை. ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து முடித்துக்கொடுங்கள் என்றார்கள் அவர்கள். ஹால்ஸுக்கோ அங்கே போய்த் தங்கும் செலவு கட்டவில்லை. படத்தை என் வீட்டுக்கு அனுப்புங்கள், உடைகளை இங்கேயே முடிக்கிறேன், முகம் வரைய நீங்கள் ஹார்லெமுக்கு வாருங்கள் என்று பதில் சொன்னார். நோட்டீஸ், பதில் நோட்டீஸ் என்று வழக்கு வளர்ந்தது. கடைசியில் 1637இல் மீதியை முடித்துக்கொடுத்தவர் பீட்டர் கோடே என்ற இன்னொரு ஓவியர்.

கோடேயை நான் மிகவும் மதிக்கிறேன். சிறிய அளவுப் படங்களுக்குப் பெயர்போனவர் அவர். இங்கே ஆளுயர உருவங்களை, அதுவும் இன்னொருவர் கைவண்ணத்தோடு ஒத்துப்போகும்படி வரைய வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் இரண்டு பாதிகளும் ஒரே படமாகத்தான் நிற்கின்றன.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். உருவங்கள் ஒல்லியாக இருப்பதால் பிற்காலத்தில் 'மெலிந்த படை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இடது ஓரத்தில் கொடி பிடித்து நிற்பவர் ஹால்ஸின் கைவேலை. அந்தக் கொடிக்காரரின் சாம்பல் நிற உடையையும் ஆரஞ்சுக் கச்சையையும் பார்த்து 1885இல் வான்கோ சொக்கிப்போனார். முதலில் அங்கே நில்லுங்கள். அப்புறம் மெல்ல வலப்பக்கம் நகர்ந்து உடைகளைப் பாருங்கள். வேகமான தூரிகைத் தடங்கள் குறைந்து, துணி வழவழப்பாகிக்கொண்டே போகும்.