தாயின் பிரஷரும் பிள்ளையின் மூளை வளர்ச்சியும்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் குழந்தைகள் நல மருத்துவர். கர்ப்பகால ரத்த அழுத்தத்தைப் பற்றிக் குழந்தை டாக்டர் ஏன் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்களிடம் "வயிற்றில் இருந்தபோது உங்களுக்கு பிரஷர் இருந்ததா?" என்று கேட்பேன். "அதெல்லாம் பிரசவத்தோட சரியாப் போச்சு டாக்டர்" என்பார்கள். அம்மாவுக்குச் சரியாகியிருக்கலாம். ஆனால் பிள்ளையைக் கவனிக்க எனக்கு அந்தத் தகவல் வேண்டும்.

கர்ப்பத்தில் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் போனால் 'ப்ரீ எக்ளாம்ப்சியா' என்கிறோம். புரதம் போகாமலே கல்லீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்படுவதும் உண்டு. நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் ஆரம்ப மாதங்களில் நன்றாக விரியாமல் போவதுதான் பெரும்பாலும் இதன் வேர். ரத்தம் குறைந்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம், மாதம் நிறையும் முன்பே பிறக்கவும் நேரலாம். இரண்டுமே வளரும் மூளைக்குச் சுமை.

2018இல் 61 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் சிரமம் தரும் ஆட்டிசம் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதமும் கூடுதலாகத் தெரிந்தது. பயந்துவிடாதீர்கள். நூறு பிள்ளைகளில் 35 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஆட்டிசம் நூற்றில் ஒருவருக்கு இருப்பது, நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேலாகிறது, அவ்வளவுதான். பெரும்பாலான பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமல்தான் வளர்கிறார்கள். அழுத்தம்தான் நேரடிக் காரணம் என்றும் நிரூபணமாகவில்லை.

மாமியார்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நீ கோபப்பட்டே, உப்பைக் குறைக்கலே, அதான் பிள்ளை இன்னும் பேசலே" என்று அந்தப் பெண்ணைக் குத்தாதீர்கள். உப்பைக் குறைத்து ப்ரீ எக்ளாம்ப்சியாவைத் தடுக்க முடியாது. இதில் அவள் செய்த குற்றம் எதுவும் இல்லை.

சரி, நம் மலைக்கே உரிய ஒரு விஷயம். குளிருக்கு ரவிக்கை மேல் ஒரு ஸ்வெட்டர், அதன் மேல் இன்னொன்று போட்டிருப்போம். அதன் மேலேயே பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தால் அளவு தப்பாக வரும். ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டி இறுக்கிக்கொண்டாலும் தப்புதான். ஒரு கையையாவது ஸ்வெட்டரிலிருந்து வெளியே எடுங்கள். லைன் வீட்டிலிருந்து மேடேறி மூச்சிரைக்க வந்தவர்கள் ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காருங்கள். ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள். கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் இருந்து அளந்துகொள்ளுங்கள். அளவை அட்டையில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

விடாத தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவில் பனிமூட்டம் இறங்கினால் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் எவ்வளவு மெதுவாக ஊரும் என்று உங்களுக்கே தெரியும். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ப்ரீ எக்ளாம்ப்சியா முற்றி வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. 32 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகும் நிலையில் தாய்க்கு அதைக் கொடுத்தால், பிள்ளைக்கு மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பும் குறைகிறது. நேரத்தோடு வந்து சேர்ந்தால்தான் அந்த ஊசி பயன்படும். பிரசவம் முடிந்த முதல் வாரத்திலும் அழுத்தம் ஏறலாம். வீட்டுக்குப் போன பிறகும் அளந்து பாருங்கள்.

அப்புறம் பிள்ளை. தடுப்பூசிக்கு வரும்போது உங்கள் கர்ப்பகால அட்டையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கொண்டுவந்து காட்டுங்கள். ஒன்பது மாதத்தில் தானாக உட்கார்கிறதா, ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, ஒன்றரை வயதில் நடக்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேர்க்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று ஒரு வருடத்தைப் போக்கிவிடாதீர்கள். அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் காது, பேச்சு, நடை எல்லாவற்றையும் சோதித்துப் பயிற்சி தொடங்குவார்கள். சின்ன வயதில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

முந்தைய கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவர்கள் அடுத்த முறை நாள் தள்ளிப்போனதுமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அதைச் சொல்லிவிடுங்கள். 12 வாரத்திலிருந்து, 16 வாரம் தாண்டுவதற்குள், குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால் ப்ரீ எக்ளாம்ப்சியா வரும் வாய்ப்பு குறையும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். நான்காம் மாதத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையையும் விடாமல் சாப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து மட்டும் போடாதீர்கள், இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும்.