கொஞ்சம் துரு இருக்கட்டும்

வணக்கம். கோதுமையில் நோய் எதிர்ப்பு ரகங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நோயே அண்டாத ரகத்தை உருவாக்கினால் கதை முடிந்தது, அதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த ‘நோயே அண்டாத’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். ஏன் என்று சொல்கிறேன்.

கோதுமைக்குப் பழைய எதிரி துரு நோய். இலைத் துரு, மஞ்சள் துரு, தண்டுத் துரு என்று மூன்று உண்டு. மூன்றிலும் பொல்லாதது தண்டுத் துரு. அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது செழிப்பாக நின்ற வயல், அரிவாள் எடுக்கும் நேரத்தில் முறிந்து கறுத்த தண்டும் சுருங்கிய மணியுமாகக் கிடக்கும். தண்டைத் தடவினால் செங்கல் பொடி போலக் கையில் ஒட்டுகிறதே, அதன் ஒவ்வொரு துகளும் ஒரு பூஞ்சை வித்து. காற்றில் ஏறினால் கடலையும் தாண்டிவிடும்.

1905-இல் கேம்பிரிட்ஜில் ரோலண்ட் பிஃபன் என்ற விஞ்ஞானி, மஞ்சள் துருவைத் தாங்கும் கோதுமையையும் தாங்காத கோதுமையையும் கலந்து பார்த்தார். இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு செடி நோயைத் தாங்கியது. மெண்டல் பட்டாணியில் கண்ட அதே கணக்கு. எதிர்ப்புத் திறன் மரபாக வருகிறது என்று தெரிந்த பிறகு, வலுவான ஒரு மரபணுவைத் தேடிப் பிடித்து நல்ல ரகத்தில் ஏற்றுவதே வேலை என்று ஆகிவிட்டது.

அந்த மரபணு என்ன செய்கிறது? பூஞ்சை உள்ளே நுழைந்ததும் தன் வேலைக்காகச் சில புரதங்களைச் செடிக்குள் விடும். செடி அதில் ஒன்றை அடையாளம் கண்டதும், பூஞ்சை தொட்ட செல்லைத் தானே சாகடித்துவிடும். துருப் பூஞ்சைக்கு உயிருள்ள செல்தான் சோறு. அது பட்டினியில் செத்துப்போகும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் இந்தக் காவலாளிக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகம். திருடன் மீசையை மழித்துக்கொண்டு வந்தால் கதவு திறந்தே கிடக்கும். நமக்கோ ஒரு ரகத்தை உருவாக்கப் பத்து வருடம் ஆகும். பூஞ்சை இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறையைத் தயார் செய்துவிடும், அதுவும் கோடிக்கணக்கில். அதில் ஒன்று மீசை மழித்தால் போதும்.

இதற்குப் பெரிய சாட்சி எஸ்ஆர் 31 என்ற மரபணு. இது கோதுமையின் சொத்தே அல்ல, ரை என்ற இன்னொரு தானியத்திலிருந்து வந்தது. ரையின் குரோமோசோம் துண்டு ஒன்று கோதுமைக்குள் வந்தபோது மூன்று துருவுக்கும் சாம்பல் நோய்க்கும் எதிர்ப்பு ஒரே மூட்டையாக வந்தது. யார் விடுவார்கள்? உலகம் முழுக்க எத்தனையோ ரகங்களில் அதை ஏற்றினார்கள். தண்டுத் துருவைக் கண்ணாலேயே பார்த்திராத விஞ்ஞானிகளின் தலைமுறை ஒன்று வளர்ந்தது. 1998-இல் உகாண்டாவில், எஸ்ஆர் 31 இருந்த கோதுமையிலேயே தண்டுத் துரு தெரிந்தது. யூஜி 99 என்று பெயர் வைத்தார்கள். அங்கிருந்து கென்யா, எத்தியோப்பியா, அப்புறம் ஏமன், 2007-க்குள் ஈரான். பூஞ்சை மேல் குற்றமில்லை. பல நாட்டு வயல்களுக்கும் ஒரே பூட்டைப் போட்டது நாம்.

பூச்சியிலும் இதே கதைதான். நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி புகையான். 1973-இல் அதைத் தாங்கும் ஐஆர் 26 நெல் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதையும் உறிஞ்சக் கற்ற புகையான் கூட்டம் கிளம்பிவிட்டது. மருந்தடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் சேர்ந்து சாக, நிலைமை இன்னும் மோசமானது.

சரி, நிலைத்து நின்ற எதிர்ப்பே கிடையாதா? உண்டு. ஆனால் அது பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் எட்கர் மக்ஃபேடன் என்பவர் எம்மர் என்ற பழங்கோதுமையை ரொட்டிக் கோதுமையோடு கலந்து ‘ஹோப்’ என்ற ரகத்தை எடுத்தார். அதன் வழியாக வந்த எஸ்ஆர் 2 மரபணு இன்றுவரை பயன் தருகிறது. நாற்றுப் பருவத்தில் இதனால் பெரிய பலன் இல்லை. வளர்ந்த செடியில் துரு வரும், ஆனால் மெதுவாக வரும், குறைவாக வரும். கதிரின் உமியில் கறுப்புச் சாயல் வேறு படியும். அழகில்லை என்று அதை ஒதுக்கியவர்களும் உண்டு. எல்ஆர் 34 என்று இன்னொன்று, இலை நுனியைக் காய வைக்கும். ஆனால் இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் எல்லாவற்றையும் ஓரளவு மட்டுப்படுத்தும். இது எந்த முகத்தையும் அடையாளம் பார்க்கிற காவலாளி அல்ல. செல்லின் சவ்வு வழியே பொருள்களைக் கடத்தும் ஒரு புரதம் என்று 2009-இல் தெரியவந்தது. இப்படி மெதுவான மரபணுக்கள் நான்கைந்து ஒரே செடியில் சேர்ந்தால், நோய் இருப்பதே தெரியாத அளவுக்கு அடங்கிவிடும். சேர்ப்பதுதான் பாடு.

ஒற்றை மரபணு என்றாலே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. பார்லியில் எம்எல்ஓ என்ற மரபணு பழுதானால் சாம்பல் நோய் உள்ளே நுழைய முடிவதில்லை. 1979 முதல் ஐரோப்பிய வயல்களில் இருக்கிறது, இன்னும் அசையவில்லை. இங்கே காவலாளியே இல்லை, பூஞ்சை நுழையும் வாசலையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

கென்யாவில் ந்ஜோரோ என்ற இடத்தில் பல நாட்டுக் கோதுமைகளை வரிசையாக விதைத்து, சுற்றிலும் நோய் பரப்பும் செடிகளை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். தண்டில் எத்தனை சதவீதம் துரு என்று வரிசை வரிசையாகக் குறிப்பார்கள். 80 என்றால் கழித்துவிடலாம். பூஜ்யம் வந்தால், இது ஒற்றை மரபணுவின் வேலையோ என்று விசாரிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது பதினைந்து, இருபது என்று குறித்த வரிசைதான். தண்டில் அங்கங்கே பொடி இருக்கும், ஆனால் மணியை உதிர்த்துப் பார்த்தால் நன்றாகத் திரண்டிருக்கும். அடுத்த கலப்புக்கு அந்த விதையை எடுத்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.