பலிபீடமும் பந்தியும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

இரத்தமும் கொழுப்பும் சாம்பலும் நிறைந்த, வேதாகமத்தின் பலிச் சட்டங்களைச் சொல்லும் லேவியராகமத்தின் பக்கங்களுக்கும், ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பையில் நாம் இடும் பணத்துக்கும் என்ன உறவு என்று கேட்டால், பெரும்பாலும் தசமபாகம், அதாவது வருவாயில் பத்தில் ஒரு பங்கு, என்ற ஒற்றைப் பதிலே வருகிறது. அந்த உறவை, அதே ஆகமத்தின் 7ஆம் அதிகாரம் சொல்லும் சமாதானபலியிலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சர்வாங்க தகனபலியில், பலி செலுத்தும் குருவான ஆசாரியனுக்குச் சேரும் தோல் நீங்கலாக, விலங்கு முழுவதும் எரிக்கப்பட்டது. பாவநிவாரண பலியின் இறைச்சியைக் கொண்டுவந்தவர் உண்ணக் கூடாது. சமாதானபலி அப்படியன்று. கொழுப்பும் சிறுநீரகங்களும் பலிபீடத்து நெருப்புக்குப் போயின. மார்க்கண்டம் என்னும் நெஞ்சுப் பகுதி ஆசாரியர்களுக்கும், வலது முன்னந்தொடை அந்தப் பலியைச் செலுத்திய ஆசாரியனுக்கும் சேர்ந்தன. மீதி இறைச்சி கொண்டுவந்தவருக்கே திரும்பியது. சமாதானபலியை நன்றிப் பலியாகப் படைத்தால், எண்ணெயில் பிசைந்த புளிப்பில்லாத அதிரசங்களோடு புளித்த அப்பமும் வைக்கப்பட்டது. இறைச்சியில் எதையும் மறுநாள் காலைவரை மீதி வைக்கக் கூடாது. ஒரு மாட்டின் இறைச்சியை ஒரு வீட்டார் ஒரே நாளில் உண்டு தீர்க்க முடியுமா? விதியின் காரணத்தை வேதம் அங்கே விளக்கவில்லை என்றாலும், நன்றி சொல்ல வந்தவர் பிறரையும் பந்தியில் அமர்த்தாமல் அதை நிறைவேற்றியிருக்க முடியாது. திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களில் அசனப் பண்டிகை நாளில் ஊரார் யாவருக்கும் இலை போடுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இல்லாதவர்களையும் அந்தச் சட்டம் விட்டுவிடவில்லை. பாவநிவாரணத்துக்கு ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாதவர் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவர் எப்பா என்னும் தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவரலாம் என்று 5ஆம் அதிகாரம் சொல்கிறது. பிரசவத்துக்குப் பிந்திய சுத்திகரிப்புக்கும் ஏழைகளுக்கு இத்தகைய சலுகை இருந்தது. இயேசுவைப் பெற்ற மரியாளும் யோசேப்பும் எருசலேமுக்குக் கொண்டுவந்தது அந்த ஏழைகளின் காணிக்கையைத்தான் என்பதை லூக்கா பதிவு செய்திருக்கிறார்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, பலிகளைப் புசிக்கிறவர்கள் பலிபீடத்தோடு ஐக்கியமானவர்கள் அல்லவா என்று இஸ்ரவேலரைச் சுட்டிக்காட்டிக் கேட்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே, ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் குடித்து வெறித்திருக்கும் நிலை கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று கடுமையாகக் கண்டிக்கிறார். கிறிஸ்து ஒரேதரம் தம்மைப் பலியாகச் செலுத்தினார் என்று அறிவிக்கும் எபிரெயர் நிருபமும், அதோடு காணிக்கை முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. உதடுகளின் துதியையும், நன்மை செய்வதையும், உள்ளதைப் பகிர்ந்துகொள்வதையும் 13ஆம் அதிகாரத்தில் பலி என்றே குறிப்பிடுகிறது.

தசமபாகத்துக்கு வருகிறேன். தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10 நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. ஆனால், ஐந்து வசனங்களுக்கு முன்னே, கூலிக்காரரின் கூலியை அபகரித்து, விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்கி, பரதேசிக்கு, அதாவது அந்நியனுக்கு, அநியாயம் செய்கிறவர்களுக்கு எதிராகக் கர்த்தர் சாட்சியாக வருவதாக எழுதப்பட்டிருப்பதை எத்தனைபேர் வாசிக்கிறோம்? உபாகமம் 14ஆம் அதிகாரத்தின்படி, விளைச்சலின் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தவரும் அவர் வீட்டாரும் தேவசந்நிதியில் மகிழ்ச்சியோடு உண்ண வேண்டும். மூன்றாம் வருடத்தின் பங்கோ, ஆலயப் பணிக்குரிய கோத்திரத்தைச் சேர்ந்த, நிலமில்லாத லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் உண்டு திருப்தியடைவதற்காக ஊர்வாசல்களில் வைக்கப்பட வேண்டும். இந்தப் பங்காளிகளை மறைத்துவிட்டு விகிதத்தை மட்டும் வலியுறுத்துவது வேதத்துக்கு நியாயம் செய்வதாகாது.

எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் ரோமர்களால் அழிக்கப்பட்டது. ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்குப் பின், ரோமில் வாழ்ந்த யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் கிறிஸ்தவர்களின் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் திராட்சரசமும் பகிர்தல் ஆகியவற்றோடு காணிக்கையையும் சொல்கிறார். தலைமை தாங்குபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அந்தப் பணம் திக்கற்றவர்கள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், வந்து தங்கும் அந்நியர்கள் ஆகியோருக்குச் செலவிடப்பட்டது. அங்கே அவர் எந்த விகிதத்தையும் குறிப்பிடவில்லை; வசதியும் மனமும் உள்ளவர்கள் தாங்கள் தகுமென்று கருதிய அளவைக் கொடுத்தார்கள் என்றே எழுதுகிறார்.