இத்தாலியில் ஒரு அப்பா பெயர்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் அதிகம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். காலையில் களியக்காவிளையில் பஸ் பிடித்து, தம்பானூரில் இறங்கி, இப்போது திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் இருப்பதுதான் ஜிம்மி ஜார்ஜ் உள்விளையாட்டு அரங்கம்.

இந்தப் பெயரை நான் ஒழுங்காகக் கவனித்தது 2021ல். இங்கே பெரிய கொரோனா தடுப்பூசி முகாம் நடந்தது. டவுனில் இருக்கிற சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். வீட்டில் தமிழ்தான் என்பதால் எனக்கு மலையாள எழுத்து கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். வரிசையில் நின்றபடி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "யாரு சித்தப்பா, பழைய மந்திரியா?" என்றேன். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! "லேய், நீயெல்லாம் வாலிபால் ஆடினவனா?"

நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் வலை கட்டாத சாயங்காலம் கிடையாது. நானும் பத்து வருடம் லிஃப்டராக, அதாவது ஸ்மாஷ் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவனாக, ஆடியிருக்கிறேன். ஆனால் அவர் யார் என்று தெரியாது.

ஜிம்மி ஜார்ஜ் இந்திய அணிக்கு ஆடிய வாலிபால் வீரர், 1955ல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் பேராவூரில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு கோழிக்கோடு தேவகிரியில், அப்புறம் பாலாவில் உள்ள செயின்ட் தாமஸ் கல்லூரியில். இந்த 'பாலா'வை மறந்துவிடாதீர்கள், பிறகு வரும். 1973 முதல் 1976 வரை கேரளப் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். கேரளப் போலீஸில் வேலை. 21 வயதில் அர்ஜுனா விருது. 1974 தெஹ்ரான், 1978 பாங்காக், 1986 சியோல் என்று மூன்று ஆசிய விளையாட்டுகள். சியோலில் வெண்கலம். நடுவில் அபுதாபியில் ஒரு கிளப்புக்கு ஆடி, அங்கிருந்து இத்தாலி போனார். அங்கே சம்பளம் வாங்கி ஆடுவது என்பது வாலிபாலில் உலகத்தின் உச்சி. நம் பக்கத்து ஆள் ஒருவர் அந்தக் காலத்திலேயே அங்கே போய் ஸ்மாஷ் அடித்திருக்கிறார்.

1987 நவம்பர் 30, இத்தாலியில் கார் விபத்து. வயது 32தான். இந்த அரங்கம் அதே 1987ல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. வந்தவுடனேயே ஒரு இறந்தவரின் பெயரைச் சுமக்க வேண்டியதாகிவிட்டது. இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

இனிதான் நான் பஸ் ஏறி வந்த காரணம். இத்தாலியில் மோன்டிகியாரி என்று ஒரு ஊர். அவர் கடைசியாக ஆடிய கிளப் அங்கேதான். அந்த ஊரின் உள்விளையாட்டு அரங்கத்துக்குப் பெயர் 'பாலாஜார்ஜ்'. விளையாட்டு மாளிகை என்பதற்கான இத்தாலியச் சொல்லைச் சுருக்கினால் 'பாலா'. நம் காதுக்கோ பாலா, ஜார்ஜ் என்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு கூட்டாளிகள் மாதிரி கேட்கிறது! அவர் படித்த பாலாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்தப் பொருத்தத்தை யாரும் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சரி, ஜார்ஜ் யார்? அவருடைய பெயர் ஜிம்மி. ஜார்ஜ் என்பது அப்பா பெயர். நாம் இனிஷியலாகப் போடுவோமே, அதைக் கேரளத்தில் முழுதாகப் பின்னால் போடுகிறார்கள். இத்தாலிக்காரர்களுக்குப் பின்னால் வருவதுதான் குடும்பப் பெயர், அதனால் அதையே அரங்கத்துக்கு வைத்துவிட்டார்கள். என் பெயரில் கட்டடம் கட்டி, அதற்கு என் இனிஷியலை மட்டும் வைத்த மாதிரி. முதலில் சிரித்தேன். அப்புறம் அந்த அப்பாவைப் பற்றிப் படித்தேன். ஜார்ஜ் ஜோசஃப், வக்கீல். அவரும் பல்கலைக்கழக அணிக்கு வாலிபால் ஆடியவர். மகன்களுக்குப் பந்தைக் கையில் கொடுத்துக் கற்றுக்கொடுத்தது அவர்தான். சகோதரர்கள் எட்டுப் பேரும் ஆட்டக்காரர்கள். வீட்டிலேயே ஒரு டீம் தேறிவிட்டது. அதில் ஒருவர் ராபர்ட் பாபி ஜார்ஜ், நீளம் தாண்டும் அஞ்சு பாபி ஜார்ஜின் கணவர். அஞ்சுவின் பெயரிலும் அதே ஜார்ஜ்தான்.

இப்போது பாளையம் வரைக்கும் நடந்துவிட்டேன். இது யுனிவர்சிட்டி ஸ்டேடியம். 1988ல் ஸ்ரீகாந்த் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 101 அடித்த மைதானம். அடித்தும் தோற்றோம், அதை விடுங்கள். ஜிம்மி எந்தப் பல்கலைக்கழக ஜெர்சியில் ஆடினாரோ அந்தப் பல்கலைக்கழகத்தின் மைதானம் இது, இதற்கு எந்த மனிதர் பெயரும் இல்லை. பக்கத்திலேயே சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம் இருக்கிறது, அவர் போலீஸ் ஐ.ஜி.யாக இருந்தவர். அதிகாரிக்கு ஒன்று, ஆட்டக்காரருக்கு ஒன்று என்று இரண்டும் ஒரே ஊரில் இருப்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பல இடங்களில் முதலாவது மட்டும்தான்.

காரியவட்டம் கேம்பஸுக்கும் போக நினைத்தேன். அங்கே உடற்கல்விக் கல்லூரி ஒன்று, லட்சுமிபாய் பெயரில். ரொம்ப நாளாகத் திருவிதாங்கூர் மகாராணி என்று நம்பிக்கொண்டிருந்தேன், அது ஜான்சி ராணியாம்! ஆனால் மழை வருகிற மாதிரி இருக்கிறது, கடைசி பஸ்ஸும் என்னுடைய வீடியோவுக்காகக் காத்திருக்காது.

ஊருக்கு வந்துவிட்டேன் மக்களே. நம்ம கிரவுண்டு, பையன்கள் இன்னும் ஆடுகிறார்கள். மோன்டிகியாரி கதையைச் சொன்னேன். நெட்டுக்குக் கீழே பந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பொடியன் கேட்கிறான்: "அண்ணே, அப்ப அந்த ஸ்டேடியம் அவங்க அப்பாவுக்கா?"

ஆமாடே, நீ சர்வீஸ் போடு.